மஞ்சி மில் தூளிலிருந்து நாற்றுக் கலவை: கிராமத்தில் பசுமைத் தொழில் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்பவர்கள், களங்களில் பழுப்பு நிறத்தில் பரப்பிக் கிடக்கும் தூளைப் பார்த்திருப்பார்கள். தேங்காய் மட்டையிலிருந்து மஞ்சி, அதாவது நார், பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் தூள் அது. ஒரு கிலோ நார் பிரித்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் மில்காரர்கள் இதைக் கொட்ட இடம் தேடி அலைந்தார்கள். இன்று இந்தியாவின் கயிறு சார்ந்த ஏற்றுமதியில் அளவின் அடிப்படையில் முதலிடத்தில் இருப்பது இந்தத் தூள்தான்.

கிராமத்தில் பசுமைத் தொழில் தொடங்க விரும்புகிற இளைஞரோ மகளிர் சுய உதவிக் குழுவோ, சிறிய முதலீட்டில், ஏற்றுமதியை நம்பாமல், இந்தத் தூளை மக்கவைத்து, மண்ணுக்குப் பதிலாக நாற்று வளர்க்க உதவும் நாற்றுக் கலவையாக விற்கும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இதே முறையில் வாழைத்தண்டு, கரும்புச் சோகை, பருத்திமார் என எந்த வேளாண் கழிவைப் பற்றியும் சிந்திக்கலாம். ஆயினும், ஒரு பொருளை முழுமையாக அறிந்துகொண்டால்தான் தொழில் பிடிபடும் என்பதால் இந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். கழிவைப் பயன்படுத்துவதால் மட்டும் ஒரு தொழில் பசுமைத் தொழில் ஆகிவிடாது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இதே தூளைக் கழுவிய பழுப்பு நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளின் நிறம் மாறியதாக விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். மில்லின் குப்பையை எடுத்து ஊரின் கிணற்றில் போடுவது தொழிலுக்கு அழகல்ல. ஆகவே இந்த வழிகாட்டியில் நீரைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும்.

மூலப்பொருளை முதலில் கண்ணால் பாருங்கள்

உங்கள் இடத்திலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் எத்தனை மஞ்சி மில்கள் உள்ளன, அவற்றின் தூள் இப்போது யாருக்குப் போகிறது, மழைக்காலத்தில் என்ன விலை, கோடையில் என்ன விலை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தூள் எடை குறைந்தது, கன அளவு மிகுந்தது. தன் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. நனைந்த தூளைத் தொலைவிலிருந்து ஏற்றி வந்தால் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை களங்களில் தூளை உலர்த்த முடியாது. உலர்ந்த தூளை வாங்கிக் கட்டியாக அழுத்தும் ஆலைகள் அப்போது ஈரத்தூளை விரும்புவதில்லை. மக்கவைப்பதற்கோ ஈரம் தடையே இல்லை. மற்றவர்களுக்குத் தேவைப்படாத பருவத்தில் வாங்குவதுதான் உங்களுக்குள்ள முதல் அனுகூலம்.

மில்லின் மூலையில் ஓரிரு ஆண்டுகளாக மழையில் நனைந்து கிடக்கும் பழைய குவியல் இருந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள். தூளில் இயல்பாகவே உள்ள, நாற்றுக்கு ஆகாத உப்பு மழைநீரிலேயே பெருமளவு கரைந்து போயிருக்கும். ஆனால் களை விதைகள் விழுந்து முளைத்திருக்கும். கற்களும் மண்ணும் கலந்திருக்கும். மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து எடுப்பது நல்லது. கடலோரத்தில் உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம்.

மூலப்பொருள் என்றும் கிடைக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், வேர் வாடல் நோயும் தோப்புகளின் காய்ப்பைக் குறைத்திருக்கின்றன. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆகவே இரண்டு மில்களுடனாவது வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவரைத் தேடிய பிறகே செய்யத் தொடங்குங்கள்

பெரும்பாலான கிராமத் தொழில்கள் பொருளைச் செய்யத் தெரியாமல் மூடப்படுவதில்லை. செய்த பொருளைக் கேட்பாரில்லாமல் மூடப்படுகின்றன. இந்தப் பொருளுக்கு மிக அருகில் இருக்கும் வாடிக்கையாளர்கள், சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் நாற்று வளர்த்து விற்கும் குழித்தட்டு நாற்றங்கால்காரர்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைக்கோஸ் பயிரிடும் வட்டாரங்களில் இப்போது விவசாயிகள் பாத்தி நாற்றை விடக் குழித்தட்டு நாற்றையே விரும்பி வாங்குகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கு மிகவும் உதவும். 98 குழிகள் கொண்ட ஒரு தட்டை நிரப்ப ஏறக்குறைய 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு, அதாவது இந்தத் தூள், தேவை. நீங்கள் மாதம் 10 டன் கலவை தயாரிக்கத் திட்டமிட்டால், அது 8,300-க்கும் மேற்பட்ட தட்டுகளை, அதாவது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாற்றுகளை வளர்க்கும் அளவு. உங்கள் சுற்றுவட்டார நாற்றங்கால்கள் எல்லாம் சேர்ந்தாலும் மாதம் அவ்வளவு நாற்று விற்கின்றனவா? மாதம் 2 டன் என்றால் 1,660 தட்டுகள், சுமார் 1.6 லட்சம் நாற்றுகள். மூன்று நான்கு நாற்றங்கால்கள் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு அது. எந்திரம் விற்பவர்கள் எப்போதும் பெரிய எண்ணிக்கையையே காட்டுவார்கள். உங்கள் அளவை வாங்குபவரின் தட்டு எண்ணிக்கையே முடிவு செய்யட்டும்.

ஒவ்வொரு நாற்றங்கால்காரரிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள், என்ன குறை, எந்த மாதங்களில் அதிகம் வேண்டும், எத்தனை நாள் கடன் கேட்பீர்கள். கடைசிக் கேள்வியின் விடை தான் உங்களுக்கு எவ்வளவு நடைமுறை மூலதனம் வேண்டும் என்பதைச் சொல்லும்.

இடமும் நீரும் இசைவும்

தொடக்கத்துக்கு ஐந்து முதல் பத்து சென்ட் நிலம் போதும். மேடான, நிழல் உள்ள இடமாக இருக்க வேண்டும். தென்னந்தோப்பின் நிழலே போதுமானது; மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு தகரக் கொட்டகை அல்லது தார்ப்பாய் வேண்டும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஓடை ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

தளத்தைச் சற்றுச் சாய்வாக அமைத்து, தாழ்ந்த ஓரத்தில் கசிவு நீரைத் தேக்க ஒரு சிறு தொட்டி கட்டுங்கள். பணம் குறைவாக இருந்தால் மற்ற எதைக் குறைத்தாலும் இந்தத் தொட்டியைக் குறைக்காதீர்கள். குவியலிலிருந்து கசியும் பழுப்பு நீரில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் முதலானவையும் உப்பும் உள்ளன. அந்நீரைத் தொட்டியில் பிடித்து அதே குவியலை நனைக்கப் பயன்படுத்தினால், வெளியே ஒரு சொட்டும் போகாது, உங்கள் நீர்ச் செலவும் குறையும். அந்த உப்பு திரும்பவும் குவியலுக்கே போகிறது என்பதால், உப்புக் குறைந்த தூளைத் தேர்ந்தெடுப்பது இன்னும் முக்கியமாகிறது. நன்னீர் ஊற்றித் தூளைக் கழுவி உப்பைக் குறைக்கும் முறையும், கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்கும் முறையும் ஏற்றுமதி ஆலைகளில் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழியில்லாத சிறு தொழில்முனைவோர் அவற்றில் இறங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் தென்னை நார் சார்ந்த தொழிற்கூடங்களை, மாசு மிகக் குறைந்தவற்றுக்கான வெள்ளைப் பிரிவிலிருந்து கூடுதல் கட்டுப்பாடுள்ள ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. மக்கவைப்பது மட்டுமே செய்யும் உங்கள் கூடம் எந்தப் பிரிவில் வரும், நிறுவுவதற்கும் இயக்குவதற்கும் இசைவு வேண்டுமா என்பதை, சுவர் எழுப்புவதற்கு முன்பே வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊராட்சியிடமும் தெரிவித்துவிடுங்கள். அண்டைத் தோட்டக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். தொட்டியைக் காட்டி விளக்கினால் பின்னாளில் வரக்கூடிய பல மனத்தாங்கல்கள் வராமலே போகும்.

மக்கவைத்தல்: தொழிலின் உயிர்நாடி

பச்சைத் தூளை அப்படியே வயலில் போட்டால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொண்டால், ஏன் இத்தனை சிரமப்படுகிறோம் என்பது விளங்கும். தூளில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதம் 112:1. இதை மண்ணில் சேர்த்ததும் நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தைச் சிதைக்க மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும். மேலும் தூளில் ஏறத்தாழ 30 விழுக்காடு லிக்னின். மரத்துக்கு உறுதி தரும் அந்தப் பொருளை எல்லா நுண்ணுயிர்களாலும் சிதைக்க முடியாது. சிப்பிக் காளான் இனமான புளுரோட்டஸால் முடியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைப்படி ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும், 300 கிராம் அளவுள்ள 5 புட்டி புளுரோட்டஸ் காளான் விதையும் தேவை. ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர் இடத்தில் முதலில் 100 கிலோ தூளைச் சீராகப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு புட்டி காளான் விதையைத் தூவுங்கள். அடுத்து 100 கிலோ தூள். அதன் மேல் ஒரு கிலோ யூரியா. இப்படிக் காளான் விதையும் யூரியாவும் மாறி மாறி வருமாறு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்குங்கள். இரண்டையும் ஒரே அடுக்கில் கலந்துவிடக் கூடாது. காளான் நிலைத்து வளர இடைவெளி வேண்டும்.

இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற பண்ணைகளுக்கு விற்க எண்ணினால் யூரியா ஆகாது. அதற்குப் பதில் ஒரு டன்னுக்கு 200 கிலோ அளவில் கோழி எருவைப் பயன்படுத்தலாம். பல்லடம், உடுமலைப் பக்கம் கோழிப் பண்ணைகள் நிறைய இருப்பதால் அது எளிதில் கிடைக்கும். ஆனால் சான்று தரும் நிறுவனம் எந்தப் பண்ணையின் எருவை ஏற்கும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

ஈரம் 60 விழுக்காடு அளவில் நிற்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரல்களுக்கிடையே ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் குவியலுக்குள் காற்று புகவில்லை. புளித்த நாற்றம் வரும். கை உலர்ந்தே இருந்தால் காளான் உறங்கிவிடும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே இந்தப் பிழிவுச் சோதனையைப் பழகிக்கொள்ள வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை குவியலைப் புரட்டிக் கொடுங்கள். குவியலின் உள்ளே கைவைத்தால் சூடு தெரியும். அது நல்ல அறிகுறி.

ஏறக்குறைய 60 நாளில் குவியலின் அளவு மூன்றில் ஒரு பங்கு குறையும். நிறம் பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறும். மழை பெய்த மண்ணின் வாசனை வரும். உள்ளே சூடு அடங்கிவிடும். இந்த நான்கும் ஒருசேர அமைந்தால்தான் மக்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். நன்றாக மக்கிய நார்க்கழிவில் கரிம-தழைச்சத்து விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும், லிக்னின் 5 விழுக்காட்டுக்கும் கீழே வரும், தழைச்சத்து 0.26-இலிருந்து 1.06 விழுக்காடாக உயரும்.

முதலில் ஒரே ஒரு டன்னில் செய்து பாருங்கள். காளான் விதை பழையதாக இருந்ததாலோ, புட்டிகள் வெயிலில் வந்ததாலோ குவியல் மக்காமல் போவதை முதல் முறையிலேயே பலர் சந்திக்கிறார்கள். ஒரு டன் வீணானால் தாங்கிக்கொள்ளலாம். இருபது டன் வீணானால் குழுவே கலைந்துவிடும். காளான் விதை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பல வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கிடைக்கிறது. கயிறு வாரியத்தின் 'பித்பிளஸ்' என்னும் காளான் கலவையும் இதே பணிக்கானது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உலர்ந்த தூள் மிக எளிதில் தீப்பிடிக்கும். மேலே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பீடி, சமையல் அடுப்பு, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. சலிக்கும்போது எழும் நுண்தூசு நுரையீரலுக்குக் கேடு. வெறும் துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தரமான முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

சோதித்த பிறகே விற்பனை

கலவையைச் சலித்தபின் இரண்டு அளவுகள் முக்கியம்: கார அமில நிலையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனும். நாற்றங்கால்காரர்கள் பின்னதை 'இ.சி.' என்றே சொல்வார்கள். சிறு நாற்றின் வேர் உப்பைத் தாங்காது என்பதால் இ.சி. குறைவான கலவைக்கே மதிப்பு. கையடக்கக் கருவி வாங்கி ஒவ்வொரு குவியலிலும் ஐந்தாறு இடங்களில் மாதிரி எடுத்து அளந்து எழுதி வையுங்கள். தூளையும் நீரையும் என்ன விகிதத்தில் கலந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகையால் வாங்குபவர் பின்பற்றும் விகிதத்திலேயே நீங்களும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் உண்மை பேசிக்கொண்டே சண்டையிட நேரும்.

இதை விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. இரண்டு குழித்தட்டுகளை எடுத்து, ஒன்றில் கடையில் வாங்கிய கலவையும் மற்றொன்றில் உங்கள் கலவையும் நிரப்பி, இரண்டிலும் ஒரே வகைத் தக்காளி விதைகளை ஊன்றி 25 நாள் வளருங்கள். முளைப்பு எத்தனை, தண்டின் தடிமன் எப்படி, நாற்றை உருவும்போது வேர்க்கட்டி உதிராமல் வருகிறதா என்று பாருங்கள். அந்தத் தட்டுகளையே கொண்டுபோய் நாற்றங்கால்காரர் முன் வையுங்கள். அச்சிட்ட துண்டறிக்கை எதுவும் அதற்கு ஈடாகாது.

விலை போடும் முறை

வாங்கிய தூளின் எடையைக் கொண்டு அல்லாமல், கைக்கு வந்த கலவையின் எடையைக் கொண்டே விலை கணக்கிட வேண்டும். தூள், ஏற்றுக்கூலி, காளான் விதை, யூரியா அல்லது எரு, அடுக்கவும் புரட்டவும் சலிக்கவும் ஆன ஆள்கூலி, நீர், சாக்கு, கொட்டகையின் தேய்மானம், கடன் வட்டி ஆகிய அனைத்தையும் கூட்டி, இறுதியில் கிடைத்த அளவால் வகுங்கள். உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி போடுங்கள். மகளிர் குழுக்களில் இதைச் சேர்க்காமல் விடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படி வரும் இலாபம் உறுப்பினர்களின் கூலியைத் தின்று வந்த இலாபம்.

எடையில் விற்பதா, கொள்ளளவில் விற்பதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஈரம் கூடினால் எடை கூடும். வாங்குபவர் தண்ணீருக்குப் பணம் கொடுத்ததாக உணர்வார். சாக்கின் லிட்டர் அளவைச் சொல்லி விற்பது இருவருக்கும் நியாயமானது.

பணம் திரட்டுதல்

ஒரு டன் சோதனைக்குக் கடனே வேண்டாம். கொட்டகை, தளம், சல்லடை எந்திரம் என்று விரியும்போது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை நாடலாம். 2022-இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்கள் இதில் அடங்கும். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம். சொந்தப் பங்கு முறையே 10, 5 விழுக்காடு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். நார் சார்ந்த தொழில் என்பதால் கயிறு வாரியத்தின் வழியாகவும் விண்ணப்பிக்க இடமுண்டு. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதிகளை அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மானியம் கையில் வரும் பணம் அல்ல. அது வங்கியில் மூன்றாண்டு வைப்பாக நிறுத்தப்பட்டு, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பின்னரே கடனில் கழிக்கப்படுகிறது. மானியம் இல்லாவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டு, முடியும் என்றால் மட்டுமே கடன் வாங்குங்கள்.

பதிவும் சாக்கில் அச்சிடும் சொற்களும்

சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பாலக்காட்டுக்கு ஒரு வண்டி அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை, உடனே பதிவு வேண்டும். எல்லையோரப் பகுதியினர் இதில்தான் தெரியாமல் தவறிவிடுகிறார்கள்.

சாக்கில் 'உரம்' என்று அச்சிடுவதற்கு முன் நிதானியுங்கள். உரம் என்ற பெயரில் விற்றால் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை பொருந்தும். அதன் தர அளவுகளும் அனுமதியும் தேவைப்படும். மக்கிய நார்க்கழிவில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு என்பதால், வேறு எரு சேர்க்காமல் அந்தத் தரத்தை எட்டுவது கடினம். 'நாற்று வளர்ப்புக் கலவை' என்பதே உண்மையான பெயர். வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டு அலுவலரிடம் சாக்கின் வாசகத்தைக் காட்டி ஒப்புதல் கேட்ட பிறகே அச்சுக்குக் கொடுங்கள். சிறு பொட்டலங்களில் நிகர அளவு, தயாரித்த மாதம், விலை, முகவரி ஆகியவை கட்டாயம்.

முதல் ஆண்டை நடத்தும் விதம்

மழைக்காலத் தொடக்கத்தில் தூளை வாங்கி அடுக்கினால், முதல் குவியல் டிசம்பர் வாக்கில் ஆயத்தமாகும். அதற்கு முன்பே சோதனைக் குவியலை முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த மில்லின் தூள், அடுக்கிய நாள், காளான் விதை வந்த இடம், புரட்டிய நாள்கள், இ.சி. அளவு, யாருக்கு விற்றோம் என்று எழுதுங்கள். நாற்று சரியாக வரவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அந்த எண்ணை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும். காரணம் உங்களிடம் இருந்தால் சாக்கை மாற்றிக் கொடுங்கள்.

விற்காமல் மிஞ்சியதை அண்டைத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 5 டன் என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு. மணற்பாங்கான நிலத்தில் இது ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் கோடையில் இதன் பயனை விவசாயி கண்ணாலேயே பார்ப்பார்.

ஆண்டு முடிவில் குறிப்பேட்டைத் திறந்து, எந்த மாதங்களில் கேட்பவர் அதிகம், எந்த மாதங்களில் சாக்குகள் தேங்கின என்று பாருங்கள். தேங்கும் மாதங்கள் இருந்தால், அடுத்த ஆண்டு அழுத்தும் எந்திரம் வாங்குவதை விட, நிழல்வலை ஒன்று அமைத்து அந்த மாதங்களில் நீங்களே இருநூறு தட்டு நாற்று வளர்ப்பது மேல். ஒரு தட்டுக்கு 1.2 கிலோ கலவை விற்றுக் கிடைப்பதையும், அதே தட்டில் 98 நாற்று விற்றுக் கிடைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, விதையின் விலையையும் 25 நாள் கூலியையும் கழித்துவிட்டு முடிவெடுங்கள்.